மூத்தார் மாட்டிய மணிகள்

கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போடுவது என்று முடிவானபோது எங்கள் குப்பத்தில் ஓட்டு வீடு என்று இரண்டோ மூன்றோதான் இருந்தன. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் நெருக்கி அடித்துக்கொண்டு நின்ற வீடுகள். எல்லாம் பனையோலைக் கூரை. நான் செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூட வேலைக்கு இந்தப் பக்கம் வந்து, இந்தக் குப்பத்துக்காரரையே கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். என் கணவருக்குச் செங்கல்பட்டில் ஆபீஸ் வேலை. காலையில் பஸ் ஏறினால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவார்.

வீட்டில் என் மாமியார் இருந்தார். மீன் கூடையோடு திருக்கழுக்குன்றம் வரை போய் விற்றுவிட்டு வருகிறவர். இன்னொருவர் என் கணவரின் அண்ணன், என் மூத்தார். கப்பலில் இயந்திர அறை வேலை. வருஷக் கணக்கில் வரமாட்டார். அந்த வருஷம் பங்குனியில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். எழுபதுகளின் கடைசி அது.

அந்தக் கப்பல் வேலையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது அவருக்கு வந்த வேலை இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் மெட்ராஸில் ஒரே பட்டறையில் தொழில் பழகியவர்கள். கப்பலில் ஓர் இடம் காலி என்று கூப்பிட்டது என் கணவரைத்தான். எங்களுக்குக் கல்யாணமான புதிது. நான் சாப்பிடாமல் அழுதுகொண்டே இருந்தேன். மூத்தாருக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மெட்ராஸுக்குப் போய், தம்பிக்குப் பதில் தானே ஏறிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். "நீ ஏம்மா அயுவற? அவன் இங்கியே இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு பெண் பார்க்கிற பேச்சு அப்படியே நின்றுபோனது. அவர் கப்பலில் இருந்து வரும்போதெல்லாம் நான் தட்டு நிறையப் பரிமாறுவேன். அதைத் தவிர எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

அந்தத் தடவை வந்தவர் மெலிந்திருந்தார். பெட்டியைத் திறந்தார். வழக்கமாகச் சென்ட் பாட்டிலும் நைலான் புடவையும் இருக்கும் இடத்தில், துணியில் சுற்றிய நான்கு சாமான்கள் இருந்தன. இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாக்கள். டிபன் தட்டு அளவில் வட்டமான தகர மணிகள் இரண்டு.

"இன்னாடா இது?" என்றார் மாமியார்.

"நெருப்பு வந்தா கூவும்மா. அமெரிக்காவுல வூட்டுக்கு வூடு மாட்டிகினு கீறாங்க. இந்த டப்பா பொகைக்கு. இந்தத் தட்டு சூட்டுக்கு."

"நெருப்பு வந்தா நமக்குத் தெரியாதா? கண்ணு அவிஞ்சா பூட்ச்சு?"

மூத்தார் சாமான்களைத் திரும்பத் துணியில் சுற்றி வைத்தார். மறுநாளே ஆசாரியைக் கூட்டி வந்து, கூரையைப் பிரிக்கும் வேலையை அவரே முன்னால் நின்று ஆரம்பித்தார்.

பழைய ஓலையைப் பிரித்துப் பிரித்துக் கீழே தள்ளினார்கள். புகையேறிக் கறுத்துப்போன ஓலை. அதைத் தோப்புக்குக் கொண்டுபோய்ப் போடச் சொல்லிவிட்டு மூத்தார் ஓடு வாங்கச் செங்கல்பட்டுக்குப் போனார். மாமியாருக்கு மனசு வரவில்லை. "அடுப்பெரிக்க ஆறு மாசத்துக்கு ஆவும்" என்று எங்கள் வேலியோரமாகவே குவித்து வைத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. மூத்தார் லாரியோடு திரும்பி வந்து பார்த்தார். "தூக்கிடணும்மா இத" என்றார். தூக்கலாம் தூக்கலாம் என்று எல்லோரும் சொன்னோம். சட்டம் ஏற்றும் வேலை, ஓடு தாங்க ரீப்பர் சட்டம் அடிக்கும் வேலை, ஓடு மாட்டும் வேலை என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. குவியல் அப்படியே கிடந்தது. தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் நாங்கள் குழாயடிக்குப் போனோம்.

மணி மாட்டுவதில் மூத்தார் காட்டிய பிடிவாதம் ஆசாரிக்குக் கிறுக்குப் பிடிக்க வைத்தது. ஓட்டு வீட்டில் புகை நிற்காதாம். இடுக்கு வழியாக வெளியே போய்விடுமாம். அதனால் படுக்கிற அறையிலும் கூடத்திலும் முகட்டுக்குக் கீழே பலகை அடித்து, புகை வந்து தங்குகிற மாதிரி மூடச் சொன்னார்.

"அண்ணாத்த, காத்து வரட்டும்னு ஓடு போடறாங்க. நீ இன்னாடான்னா பொகய புடிச்சு வைக்கச் சொல்ற" என்றார் ஆசாரி.

"அடி நீ. நான் சொல்றேன்ல."

அந்தப் பலகைகளில் வெள்ளை டப்பாக்கள் ஏறின. ரேடியோவுக்குப் போடுகிற மாதிரி பேட்டரி. சமையல்கட்டுக்குத் தகர மணி. அதற்குக் கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். கடிகாரத்துக்குக் கொடுப்பது போலச் சாவி கொடுத்து மாட்டிவிட வேண்டியதுதான். நடுவில் ஒரு சின்ன உலோகக் குமிழ். சூடு ஏறினால் அது மெழுகு மாதிரி உருகி விட்டுக்கொடுக்கும். உள்ளே சுருட்டி வைத்திருக்கிற வில் அவிழ்ந்து மணி அடிக்கும். அடுப்புப் புகைக்கெல்லாம் அசையாது. நிஜமான தீச்சூடு வேண்டும். எனக்கு அதை விளக்கும்போது அவர் முகத்தில் பழைய களை கொஞ்சம் வந்தது.

இன்னொரு தகர மணி மிச்சம் இருந்தது. அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த வீட்டுக்காரர் கட்டுமரம் மோதிக் கால் முறிந்து, மாவுக்கட்டோடு உள்ளே படுத்திருந்தார். அவர் மனைவி என் வயசுக்காரி. மாமியாரோடு கூடை தூக்கிப் போகிறவள். ஓலைக் கூரையின் மூங்கிலில் மூத்தார் அந்தத் தட்டைக் கட்டும்போது, அவள் இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள்.

"நைனா, எங்க வூட்டுல திருடறதுக்கே ஒண்ணும் கெடையாது. மணி எதுக்கு?"

"திருடனுக்கு இல்லம்மா. அண்ணன் எயுந்து ஓட முடியாது பாரு. அதுக்கு."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

எங்கள் வீட்டில் வெள்ளை டப்பாக்கள் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் கத்தும். மாமியார் கருவாடு சுட்டால் கத்தும். ஆசாரி கூடத்தில் நின்று பீடி பற்றவைத்தால் கத்தும். காதைக் கிழிக்கிற கத்தல். மாமியார் துணி உலர்த்தும் கொம்பால் அதை ஓங்கிக் குத்துவார். "சாமிக்குப் பொக காட்டக்கூடாதா? இன்னா பேஜாரா கீது!" குப்பத்துப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்று அதே மாதிரி கத்திக் காட்டுவார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். டப்பா கத்தியவுடன் நாங்கள் எல்லோரும் புகை எங்கே என்று பார்ப்போம். மூத்தார் பார்க்கமாட்டார். எங்கே இருந்தாலும் ஓடி வந்து ஒவ்வொரு கதவாக அறைவார். ஆள் இல்லாத அறைக் கதவையும் அறைவார். புதிதாகக் கதவு போட்ட குளிக்கிற இடத்தைக்கூட விடமாட்டார். எல்லாம் முடிந்த பிறகு முகம் வெளுத்து, மணலில் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்வார்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாகிவிட்டது. ஒரு நாள் மத்தியானம் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கரையில் ஏற்றி வைத்திருந்த படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, கப்பல்ல ஏதாவது நடந்ததா?" என்று கேட்டேன்.

மோரை வாங்கிக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

கப்பலில் அவர்கள் படுக்கிற அறைகளுக்கு வெளியே, நடையில் தீ மணி இருந்ததாம். சமையல் புகைக்கும் சிகரெட்டுக்கும் அது ஓயாமல் அடிக்கிறது என்று யாரோ ஒயரைக் கழற்றிவிட்டார்கள். எல்லோருக்கும் தெரியும். நிம்மதியாகத் தூங்கலாம் என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் வேலை முடிந்து வந்து படுத்தவர், மூச்சு முட்டி விழித்திருக்கிறார். நடை முழுக்கக் கறுப்புப் புகை. எழுந்து வெளியே ஓடியிருக்கிறார். அடுத்த அறையில் படுத்திருந்தவர் நாகப்பட்டினம் பக்கத்துக்காரர். இவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்.

"அந்தக் கதவு என் கைக்கு எட்டற தூரத்துல கீதும்மா. தட்டுன்னு நெனப்பு வந்துச்சு. வராம இல்ல. காலு நிக்கல. மேல போய்ட்டு திரும்பிப் பாக்கறேன், வழியே இல்ல."

கடலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி அவங்க வூட்டுக்குப் போனேன். அவன் பொஞ்சாதி, அவன் நைனா, ரெண்டு பேரும் உக்கார வச்சு சோறு போட்டாங்க. நீங்க பாத்தீங்களாண்ணான்னு கேட்டுச்சு அந்தப் பொண்ணு. தட்டினேம்மா, நெறய தட்டினேன், அவன் எயுந்திருக்கலன்னு சொல்லிட்டேன். அது என் கையப் புடிச்சிகினு அயுவுது. நீங்களாவது தட்டுனீங்களேண்ணான்னு அயுவுது. அந்தச் சோத்த துன்னுட்டு வந்தேன் நான்."

அந்த நடையில் அன்று படுத்திருக்க வேண்டியவர் என் கணவர் என்பது மட்டும்தான் மனசில் ஓடியது. அவர் செத்திருப்பார் என்று நினைத்தேன். பிறகு, நல்லவேளை என்று நினைத்தேன். நினைத்த அந்த நொடியே என்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அந்த இடம் இவருக்கு வந்ததுதானே மாமா. நான் அழுததாலதானே நீங்க..."

"அத இதுல இழுக்காத" என்றார். கோபமில்லை. ஆனால் அதற்குமேல் பேசவிடவில்லை. மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று இரவு என் கணவரிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அடுத்த வாரம் கடைசி வரிசை ஓடு மட்டும் பாக்கி. வெயிலோடு மேற்குக் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. மாமியாரும் அடுத்த வீட்டுக்காரியும் கூடையோடு போயிருந்தார்கள். ஆம்பிளைகள் விடியற்காலையில் கரையேறி, அவரவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூத்தாரும் ஆசாரியும் எங்கள் கூரைமேல். நான் உள்ளே தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது. டப்பாக்களின் கீச்சுக் கத்தல் இல்லை இது. கணகணவென்ற தகர மணி. எங்கள் சமையல்கட்டுக்கு ஓடிப் பார்த்தேன். அடுப்பு அணைந்து கிடந்தது. அதற்குள் கூரைமேலிருந்து ஓடுகள் சரிந்து உடையும் சத்தம். மூத்தார் குதித்துவிட்டார்.

வெளியே வந்தால், வேலியோரக் குவியல் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் பழைய ஓலை. காற்று அதைக் கொத்துக் கொத்தாகப் பிய்த்து அடுத்த வீட்டுக் கூரையில் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கூரையின் பின்பக்கம் பிடித்தாகிவிட்டது. மூத்தார் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே போவதைத்தான் பார்த்தேன். மணி உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது.

கால் முறிந்தவரை இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துப் பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். மாவுக்கட்டு மணலில் கோடு போட்டது. அவரை என் காலடியில் விட்டுவிட்டு, நிற்கவே இல்லை. அடுத்த வீடு, அதற்கு அடுத்த வீடு. "எயுந்திரு! எயுந்து வா!" என்று கத்திக்கொண்டே கதவு கதவாக அறைந்தார். கதவே இல்லாத வீட்டில் சுவரை அறைந்தார். தூக்கக் கலக்கத்தில் ஆம்பிளைகள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து குடமும் அன்னக்கூடையுமாகத் தண்ணீரும் மணலும் அடித்தோம். எரிந்த வீட்டுக்கு அடுத்த வீட்டின் கூரையைப் பிய்த்துப் போட்டோம். அதோடு தீ நின்றது.

ஒரு உயிரும் போகவில்லை. அடுத்த வீடு முழுசாகப் போனது. உள்ளே சுருட்டி வைத்திருந்த வலைகள் போயின. அதற்கு அடுத்த வீட்டின் கூரை நாங்களே பிய்த்ததில் போனது. எங்கள் வீடு மட்டும் புது ஓட்டோடு சிவப்பாக, மூத்தார் குதித்ததில் சரிந்த ஓடுகளைத் தவிர ஒரு கீறல் இல்லாமல் நின்றது. பார்க்கவே கூசியது.

தீ எப்படிப் பிடித்தது என்று கடைசிவரை தெரியவில்லை. யாராவது சாம்பல் கொட்டியிருக்கலாம், பீடியாக இருக்கலாம். ஓலை எங்களுடையது என்பது மட்டும் நிச்சயம்.

சாயங்காலம் கூடையோடு திரும்பிய அடுத்த வீட்டுக்காரி, சாம்பலைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். புருஷன் எங்கள் கூடத்தில் படுத்திருப்பதைப் பார்த்ததும் வந்து மூத்தாரின் காலில் விழுந்தாள். "நீ மணி கட்டலன்னா இந்த மனுசன் போயிருப்பாரு நைனா" என்றாள். மாமியார் அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். குப்பமே எங்கள் வாசலில் நின்று மூத்தாரைப் பாராட்டிக்கொண்டிருந்தது. நான் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஓலையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நாங்களும் திறக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு மூத்தார், "பக்கத்து வூட்டுப் பொண்ணுகிட்ட சொல்லணும்" என்றார்.

"இன்னாத்த சொல்லப் போற?" மாமியார் குரலைத் தாழ்த்தினார். "ஓலைல பேரா எய்தி கீது? காத்துக்காலம், பத்திகிச்சு. அவளே உன்ன சாமின்றா. வாய வச்சிகினு சும்மா இரு."

வேலை முடிந்து வந்திருந்த என் கணவரும், "அம்மா சொல்றது சரிதாண்ணா. இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றார்.

மூத்தார் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லவேண்டும் என்று அவர் எதிர்பார்த்தாரோ தெரியாது. "சொல்லிடுங்க மாமா" என்றேன். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மறுநாள் காலையில் அவள் சாம்பலைக் கிளறி, ஏதாவது பாத்திரம் தேறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தார் போய் நின்றார். நானும் பின்னால் போனேன்.

"எங்க ஓலைதாம்மா பத்துச்சு. தூக்கிப் போடணும்னு தெரியும். தூக்கல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் முழுக்கக் கரி. "தெரியும் நைனா" என்றாள். "எங்கண்ணுக்கு எதுர்லதான கீது. நானும் அதுல உருவித்தான் அடுப்பெரிச்சேன். உங்கம்மா எடுத்துக்கோன்னுச்சு."

அதோடு அவள் மன்னித்துவிட்டாள் என்று சொல்லமாட்டேன். மறுபடி சாம்பலைக் கிளறிக்கொண்டு, குனிந்தபடியே, "வலைங்க போச்சே" என்று மட்டும் சொன்னாள். அந்த வார்த்தையை அவள் வேறு யாரிடமும் சொல்லாமல் எங்களிடம் சொன்னாள். மூத்தார் நின்றபடியே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் பின்கட்டுக்கு என்று இறக்கி வைத்திருந்த ஓடும் மரமும் அந்த வீட்டுக்குப் போனது. ஆசாரியோடு சேர்ந்து மூத்தாரும் என் கணவரும் சுவர் எழுப்பினார்கள். எங்கள் பின்கட்டு ரொம்ப காலம் கூரையில்லாமல்தான் கிடந்தது. மாமியார் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒரு நாள், வலை பின்னத் தெரிந்த நாலு பேரைக் கூட்டி வந்து அந்த வீட்டு வாசலில் உட்கார வைத்து, தானும் நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்தச் சுவர் முடிந்த மறுநாள் மூத்தார் சட்டையை மாட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்குக் கிளம்பினார். அங்கிருந்து நாகப்பட்டினத்துக்கு. எதற்கு என்று எனக்கு மட்டும் தெரியும். "கூட நான் வரட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

அவர் போன அன்றைக்குத்தான் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து கடற்கரைக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

மூன்றாம் நாள் மூத்தார் திரும்பி வந்தார். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவரிடம், "என்ன சொன்னாங்க மாமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. தட்டலம்மா, பொய் சொன்னேன்னேன். அந்தப் பொண்ணு எயுந்து உள்ள போச்சு. வெளிய வரவேல்ல. அவன் நைனா கொஞ்ச நேரம் உக்காந்துகினு இருந்தாரு. அப்புறம், பஸ்ஸு இருக்குதுப்பா, கெளம்புன்னாரு."

"அவ்வளவுதானா?"

"வேற இன்னா சொல்லுவாங்க?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் என் கணவர் தட்டில் கை வைத்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே, நிமிராமல், "அது எனக்கு வந்த வேலைண்ணா" என்றார். பல வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பேச்சு அது.

"தெரியும். துன்னுடா" என்றார் மூத்தார்.

அவர் கப்பலுக்குத் திரும்பிப் போகவில்லை. அப்போதுதான் இந்தக் கரையில் மோட்டார் படகுகள் வர ஆரம்பித்திருந்தன. அவற்றின் இயந்திரத்தைப் பழுது பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்தார். கல்யாணப் பேச்சை மாமியார் மறுபடி எடுத்துப் பார்த்தார். அவர் சிரித்துத் தட்டிவிட்டார். நாகப்பட்டினத்திலிருந்து அவருக்கு ஒரு நாளும் எந்தத் தகவலும் வரவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

எனக்கு அவர் இங்கே இருந்தது நிம்மதிதான். காலையில் கிரீஸ் கையோடு அவர் வந்து காபி கேட்கும்போது மனசு லேசாகும். கூடவே, இந்த நிம்மதிக்கு விலையாக நாகப்பட்டினத்தில் ஒருத்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளே என்றும் தோன்றும். அவளை நான் பார்த்ததில்லை. என் வயசுதான் இருக்கும்.